ஒரு மணி பத்து நிமிஷம்

கோபம் வந்தால் எனக்குத் தையல் கோணிவிடும். அந்த வாரம் நான் தைத்த சட்டைகளில் ஒன்றுகூட உருப்படவில்லை. ஒன்றில் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, இன்னொன்றில் இரண்டு கையும் இடக்கை. கொண்டுபோனவர்கள் திட்டினார்கள். திட்டட்டும். ஒரு தெருவே சேர்ந்து ஒரு பெண்ணைத் திட்டித் தீர்த்த வாரம் அது. அதில் எனக்கும் கொஞ்சம் கிடைத்தால் நான் என்ன குறைந்தா போய்விடுவேன்.

அந்தப் பெண்ணின் வீட்டு முன்னறையில்தான் இருபத்திரண்டு வருஷமாக என் தையல் மெஷின் இருக்கிறது. மெஷினுக்குப் பின்னால் என் கட்டில். கட்டிலுக்குப் பின்னால் ஒரு சுவர், அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, ஒன்பது வயதில் ஒரு மகள். அந்தச் சுவர் வழியாக இருமல் கேட்கும், சிரிப்பு கேட்கும், கரண்டி விழுவது கேட்கும். ஒட்டுக் கேட்கிறவன் என்று என்னை யாரும் சொல்ல வேண்டியதில்லை. காதுக்கு மூடி கிடையாது, அவ்வளவுதான்.

புருஷனை எல்லாரும் மோட்டார்காரர் என்போம். கால்வாயில் அரை கிலோமீட்டர் கீழே, கடல் பக்கமாக, ஊர்ச் சாக்கடைத் தண்ணீரை இறைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிற பம்ப் கட்டடம் இருக்கிறது. அங்கே அவருக்கு வேலை. சல்லடையில் சிக்குகிற கந்தலையும் பாலிதீனையும் முடியையும் வாரியால் இழுத்து எடுக்க வேண்டும், மோட்டாருக்குக் கிரீஸ் வைக்க வேண்டும், தொட்டியின் மட்டம் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் மகளைத் தொடுவார். அதிர்ந்து பேச மாட்டார். அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நான் ஒரு சட்டைக்குப் பித்தான் கட்டி முடித்துவிடலாம்.

பெண்டாட்டிக்கு ஐஸ் பாக்டரியில் வேலை. விடியற்காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை ரப்பர் பூட்ஸோடு மீன் பெட்டி கழுவுவாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கிடக்கும். அவளுக்கு அப்போது பட்டப்பெயர் எதுவும் இல்லை. நீச்சலக்கா என்று பெயர் வந்ததெல்லாம் பிறகு.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீடுகளின் பின்பக்கம் கால்வாய். அதன் கரையோடு இருபது நிமிஷம் நடந்தால் கடல். இருந்தும் அறுபது வீட்டில் ஒரு வீட்டுக்கும் பின்கதவு கிடையாது. நாற்றம், கொசு என்று எல்லாரும் செங்கல் வைத்து அடைத்துவிட்டோம். பிள்ளைகளுக்கு அலையென்றால் டிவியில் வருவது. போன வருஷம் தெருக்கோடியில் நாலு வயதுக் குழந்தை ஒன்று பந்தை எடுக்கப் போய்க் கால்வாயில் விழுந்தது. ஆள் ஆழம். கரையில் பதினோரு பெரியவர்கள் நின்று கத்தினோம். ஒருவருக்கும் இறங்கத் தெரியவில்லை. நானும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த இவள்தான் பூட்ஸோடு குதித்து, குழந்தையை முடியைப் பிடித்துத் தூக்கினாள்.

தூக்கிக் கரையில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை. அன்றைக்கு அவள் எங்களைத் திட்டியதை அப்படியே எழுதினால் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். தண்ணிக்குப் பக்கத்துலயே பொறந்து தண்ணிக்குப் பக்கத்துலயே சாகப்போறீங்க, நடுவுல ஒரு தடவையாவது அதுல இறங்கினா என்ன கொள்ளை என்று கேட்டாள். மறுநாளே கடப்பாரை வாங்கி வந்து தன் வீட்டுப் பின்சுவரை உடைத்தாள். செங்கலுக்குப் பின்னால், சேற்றில் புதைந்து, பழைய கல்படிகள் ஒன்பது இருந்தன. நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டு ஞாயிறு சேறு அள்ளினாள். மூன்றாவது ஞாயிறு மகளை இறக்கினாள். பிறகு வீடு வீடாகப் போனாள்.

கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள். முடியாது என்றவர்கள் வீட்டுக்கு மறுபடியும் போனாள். பேக்கரிக்காரர் மனைவி, எங்க குடும்பத்துல தண்ணிக் கண்டம், பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று கதவைச் சாத்தினாள். இவள் மூன்று நாள் அந்தக் கதவு முன்னாலேயே போய் நின்றாள். நாலாம் நாள் பேக்கரிக்காரரே தன் ஏழு வயது மகளைத் தூக்கி வந்து படியில் விட்டார். தெருப் பிள்ளைகளில் முதலில் மிதக்கக் கற்றுக்கொண்டது அந்தப் பெண்தான். மல்லாக்கப் படுத்து, காது இரண்டும் தண்ணீருக்குள் போக, நீச்சலக்கா, உள்ள என்னமோ டிக்டிக்குனு கேக்குது என்றாள். அது இறாலு சத்தம்டி, நம்ம தண்ணியில இறாலு இருக்கு என்றாள் இவள். தெருவே அந்தச் சத்தம் கேட்கக் காது கொடுத்துப் படுத்தது. ஐம்பத்து மூன்று வயதில் நானும் படுத்தேன். கேட்டது. பொய் சொல்லவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டு மாதத்தில் பதினெட்டுப் பிள்ளைகள். பத்து வீடுகளில் பின்கதவு திறந்தார்கள். பிள்ளைகளைக் கரையோடு கடல் முகம் வரை நடத்திக் கூட்டிப் போவாள். இங்க நீ துப்பினா அங்க போய்ச் சேரும், பாத்துக்கோ என்பாள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் கால்வாயில் ஒரு மிட்டாய்த் தாள்கூடப் போடவில்லை. பெரியவர்கள் போட்டால் பிள்ளைகள் சண்டைக்கு வந்தன.

வகுப்புக்கு நேரம் குறித்துக் கொடுப்பது மோட்டார்காரர். சனிக்கிழமை தோறும் பழைய காலண்டர்த் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் குத்தி வைப்பார். இன்ன கிழமை, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை தண்ணீர் ஏறும் நேரம். கடலிலிருந்து ஏறி வருகிற தண்ணீர் சுத்தமாக இருக்கும், அப்போது மட்டும் இறங்கு, இறங்குமுகத்தில் வேண்டாம், ஆழமும் பத்தாது என்று சொல்லியிருந்தார். அவள் அதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தாள். என் புருஷன் வாயைத் திறக்கமாட்டார், ஆனா எனக்காக உக்காந்து கணக்குப் போட்டுக் கொடுக்கிறார் பாருங்கண்ணே என்று அந்தத் தாளை என்னிடம் காட்டிப் பெருமைப்படுவாள்.

காரியம் நடக்கிற இடத்துக்கு ஆபீஸ் வராமல் இருக்குமா. நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல முயற்சி, நாங்களும் சேர்ந்து செய்கிறோம், ஞாயிற்றுக்கிழமை விழா வைத்துப் படம் எடுப்போம் என்றார். 'நீரோடு உறவாடுவோம்' என்று எழுதிய ஒரு துணி வந்தது. அதற்கு ஓரம் அடித்துக் கொடுத்தவன் நான்தான். நேராகத்தான் அடித்தேன், அப்போது கோபம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்குத்தான் அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். எல்லா அப்பாவும் வருகிறார்கள், நீங்கள் மட்டும் எட்டு மாதத்தில் ஒரு நாள் வரவில்லை, ஊருக்கெல்லாம் இறங்கக் கற்றுக்கொடுத்த என் வீட்டிலேயே ஓர் ஆள் கரையில் நிற்கிறது என்று இடித்தாள். அவர் டியூட்டி டியூட்டி என்று இழுத்தார். மகள் வேறு காலைக் கட்டிக்கொண்டது. கடைசியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பம்ப் கட்டடத்தை ஓர் இளம் இன்ஜினியர் பார்த்துக்கொண்டார்.

எட்டரை மணிக்கு இறங்கினார்கள். வெயில் சுள்ளென்று ஏறவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, பச்சையாக, ஆறாவது படியைத் தொட்டுக்கொண்டு. அதிகாரி கரையில் நின்று பேசினார், படம் எடுத்தார், ஒன்பதே காலுக்குப் போய்விட்டார். மோட்டார்காரர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒன்பதரைக்கு அவர் முகம் மாறியது. பாம்பு, பாம்பு, எல்லாரும் ஏறுங்க என்று கத்தினார். அந்த மனுஷனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளை இரண்டு கையிலும் அள்ளி அள்ளிப் படியில் வீசினார். பயத்தில் மூன்று நாலு பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டன. பேக்கரிக்காரர் மகள் நடுக் கால்வாயில் மல்லாக்க மிதந்துகொண்டிருந்தாள், காது தண்ணீருக்குள் இருந்ததால் கேட்கவில்லை. நீச்சலக்காதான் போய் இழுத்து வந்தாள்.

எல்லாரும் கரையேறியதும் ஒரே சிரிப்பு. தண்ணிப்பாம்புக்கு இந்த ஓட்டமா என்று அவரை ஓட்டோ ஓட்டென்று ஓட்டினோம். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாரும் நல்லா சோப்புப் போட்டுக் குளிங்க என்று மட்டும் சொன்னார். பாம்புக்கு எதுக்குய்யா சோப்பு என்று கேட்டவன் நான். ஏதோ நாற்றம் வந்ததும் உண்மை. சேறு கலங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஆறு பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ஐந்து பேர் மருந்தோடு தேறினார்கள். பேக்கரிக்காரர் மகளை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கே தெரு திரும்பிவிட்டது. யாராவது கேட்டார்களா, பிள்ளைக்கு என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று? கேட்கவில்லை. நீச்சலக்கா என்று கொஞ்சின வாய்களெல்லாம் எங்களை மாதிரி இருக்க மாட்டாம பெரிய இவளாட்டம் வந்தா என்றன. சாக்கடையில பிள்ளைகளை முக்கினா என்றன. அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவிடவில்லை. ஐஸ் பாக்டரியிலிருந்து வந்தவள் தெருக்கோடியிலிருந்து வீடுவரை ஒரு முகமும் பார்க்காமல் நடந்து வந்தாள். பேக்கரி ஷட்டர் இறங்கியே கிடந்தது.

புதன்கிழமை மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், என்னைக் கூப்பிட்டது.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க. நான் கேக்குறதுக்கு இவர் சொல்ற பதிலை நீங்களும் கேளுங்க."

போனேன். மோட்டார்காரர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சோற்றில் இன்னும் கை வைக்கவில்லை. அவள் ஈரப் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. மகள் கதவோரம் நின்றாள்.

"பாம்பு என்ன நிறம்?"

"கறுப்பு. தண்ணிப்பாம்பு."

"எங்க பாத்தீங்க?"

"படிக்கு அந்தாண்ட."

"உங்க மக உங்க தோள்மேலதானே இருந்தா. நீங்க தண்ணியைப் பாக்கவே இல்லைன்னு சொல்றா. மோந்து பாத்தீங்களாம். மோந்து பாத்துட்டுக் கத்தினீங்களாம். பாம்பை யாராவது மோந்து பாப்பாங்களா?"

அவர் தட்டையே பார்த்தார். அவள் விடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கடைசியில் அவர் சொன்னார்.

பம்ப் கட்டடத்தில் இரண்டு மோட்டார். ஒன்று எரிந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது, மாற்றவில்லை. ஒரே மோட்டார் இழுக்க முடியாமல் தொட்டி நிரம்பிவிடும். நிரம்பினால் தெருவில் சாக்கடை மூடிகளைத் தூக்கிக்கொண்டு வீடுகளுக்குள் வரும். அதனால் கால்வாய்ப் பக்கம் இருக்கிற ஷட்டரை, அந்த மடைக்கதவை, திறந்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து வாய்மொழியாக உத்தரவு. எழுத்தில் எதுவும் கூடாது. இறங்குமுகத்தில் திறந்தால் எல்லாம் கடலுக்கு ஓடிவிடும், யாருக்கும் தெரியாது. மூன்று வருஷமாக அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஏறுமுகத்தில் ஒரு தடவைகூடத் திறந்தது இல்லையாம். சத்தியம் செய்தார்.

"அப்போ சனிக்கிழமை சனிக்கிழமை எழுதிக் குடுத்தீங்களே," என்றாள் அவள். "அது ஆழம் பாத்து எழுதினது இல்ல."

"இல்ல."

"எப்போ அது தண்ணியில இருக்காதுன்னு பாத்து எழுதினது."

"ஆமா. உங்க யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்..."

"ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சு?"

இன்ஜினியர் துறைமுகத்தில் அச்சடித்த அட்டவணையைப் பார்த்துத் திறந்துவிட்டாராம். அட்டவணையில் எட்டு ஐம்பதுக்கு இறக்கம் ஆரம்பம். ஜாக்கிரதையாகப் பத்து நிமிஷம் தள்ளி, ஒன்பதுக்குத் திறந்திருக்கிறார். ஆனால் துறைமுகத்தில் தண்ணீர் திரும்பி ஒரு மணி பத்து நிமிஷம் கழித்துத்தான் எங்கள் கால்வாயில் திரும்பும். கால்வாய் வளைந்து வளைந்து வருவதால் அப்படி. அங்கே இறங்க ஆரம்பித்த பிறகும் இங்கே ஏறிக்கொண்டே இருக்கும். திறந்துவிட்டது அத்தனையும் கடலுக்குப் போகாமல் படிக்கட்டுக்கு வந்தது.

"அந்த ஒரு மணி பத்து நிமிஷம் இன்ஜினியருக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நீங்க சொல்லலையா?"

அவர் சொன்ன பதிலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "யார்கிட்டயும் சொன்னதில்ல. அங்க எல்லாமே அவங்களுக்குத் தெரியும், நான் வெறும் வாரி பிடிக்கிறவன். அது ஒண்ணுதான் எனக்கு மட்டும் தெரிஞ்சது. அதையும் எழுதி ஒட்டிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

எனக்குப் பாவமாக இருந்தது. அடித்து நொறுக்கவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

அவள் அழவில்லை. "பாம்புன்னு ஏன் சொன்னீங்க? இதுதான்னு சொல்லியிருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடியிருப்போமே. மூணு நாளுங்க. அந்தக் குழந்தை மூணு நாளா என்னத்தைக் குடிச்சான்னு தெரியாம ஊசி குத்துறாங்க. என்னைத் திட்டினாங்க, வாங்கிக்கிட்டேன். நீங்களும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்களே."

"வேலை போயிடும். ஆறு வருஷந்தான் இருக்கு."

அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள். "எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கேயும் பாம்புன்னு சொன்னா நான் உங்க கூட வீட்டுக்குத் திரும்பி வர மாட்டேன்."

நானும் கூடப் போனேன். டாக்டர் ஒரு பெண். கேட்டு முடித்ததும் பேனாவை மேஜையில் அடித்து வைத்தார். மூன்று நாளாகக் கேட்டேனே, மூன்று நாளாகக் கேட்டேனே என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு நர்சைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினார். வராந்தாவில் பேக்கரிக்காரர் மோட்டார்காரரின் சட்டைக் காலரைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. காலரைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். பிறகு விட்டுவிட்டு மகளின் வார்டுக்குள் போனார்.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு அதே அதிகாரி ஜீப்பில் வந்தார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. கையில் ஒரு தாள். கால்வாயில் இறங்கத் தடை. பின்கதவுகளை ஏழு நாளில் அடைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் குழந்தைகளை அசுத்த நீரில் இறக்கியதற்காக இந்த அம்மா மேல் புகார் கொடுக்கப் போகிறோம். நாலு நாளைக்கு முன்னால் இதே வாயால் உறவாடச் சொன்னவர். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

மோட்டார்காரர் முன்னால் வந்தார். ஷட்டர் விஷயத்தை எல்லார் முன்னாலும் சொன்னார். அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை.

"பதிவேட்டைப் பாருங்க. மூணு வருஷத்துல ஒரு நாள்கூட அந்த ஷட்டர் திறந்ததா எழுத்து இல்ல. அந்தப் பதிவேட்டை எழுதினது யாரு தெரியுமா? இவரே. இப்போ சம்சாரத்தைக் காப்பாத்த ஒரு கதை சொல்றார். நாளையிலிருந்து இவர் வேலைக்கு வர வேண்டாம்."

மோட்டார்காரர் எவ்வளவு சுத்தமாக மறைத்து வைத்திருந்தாரோ அவ்வளவு சுத்தமாக மறைந்துபோயிருந்தது. கூட்டம் முணுமுணுத்தது. எதை நம்புவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நீச்சலக்கா என்னிடம் மணி கேட்டாள். மூன்று என்றேன்.

"நம்ம கால்வாயில இறக்கம் ஒண்ணு இருபதுக்கே ஆரம்பிச்சாச்சு," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மூணு நாளா பயந்துக்கிட்டுத் திறக்காம வெச்சிருக்காங்களாம். தொட்டி இப்போ வாய்வரைக்கும் நிக்கும். எழுத்தை ஏன் பாக்கணும், வாங்க நேர்ல போய்ப் பாக்கலாம்."

அதிகாரிக்கு அவசர மீட்டிங் ஞாபகம் வந்துவிட்டது. ஜீப் போயிற்று. நாங்கள் நாற்பது பேர் கரையோடு நடந்தோம். இந்தத் தெருவில் முப்பது வருஷம் குடியிருந்தவர்கள் அந்தக் கரையோடு கடல் பக்கம் நடந்தது அன்றைக்குத்தான். பிள்ளைகள் முன்னால் போய், இங்க நண்டுப் பொந்து இருக்கு பாத்து மிதிங்க என்று பெரியவர்களுக்கு வழி காட்டின.

பம்ப் கட்டடத்தில் அந்த இளம் இன்ஜினியர் ஷட்டர்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை எடுத்தார். தொட்டியை எட்டிப் பார்த்தோம். விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே, கறுப்பாக, நுரை கட்டி நின்றது. ஷட்டருக்குக் கீழே கால்வாய்ச் சுவரில் மூன்று வருஷத்துக் கசடு தார்போல ஒட்டியிருந்தது. இதற்கு எந்தப் பதிவேடு வேண்டும். கூட வந்த பெண் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

இன்ஜினியர் போன் போட்டுக்கொண்டே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. முப்பது வயது இருக்காது. தப்பு செய்த முகம், அழுகிற முகம். கடைசியில் மோட்டார்காரரிடம் வந்து, அண்ணே, இப்போ திறக்கலைன்னா என்ன ஆகும் என்று கேட்டார்.

"ரெண்டு மணி நேரத்துல தெருவுல மூடியைத் தூக்கும். எங்க தெருதான் பள்ளம். வீட்டுக்குள்ள வரும்."

நீச்சலக்கா போய் அந்தச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "வரட்டும். நம்மளோடதுதானே. மூணு வருஷமா கண்ணுக்குத் தெரியாம தண்ணியில தள்ளிவிட்டோம், தண்ணி எதுத்துக் கேக்கலை. வீட்டுக்குள்ள வந்தாத்தான் நமக்கும் புரியும், அந்த ஆபீசுக்கும் புரியும்."

ஒரு நிமிஷம் எல்லாரும் அவள் பக்கம்தான். பிறகு ஒரு பெண் தன் வீட்டில் மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றாள். ஒருவர் தன் பிரிட்ஜைச் சொன்னார். ஒருவர் அரிசி மூட்டை தரையில் இருக்கிறது என்றார். இன்னைக்கு மட்டும் திறக்கட்டும், நாளைக்குப் போய்ச் சண்டை போடுவோம் என்றார் ஒருவர். இத்தனை நேரம் ஆபீஸைக் கிழித்துத் தொங்கப்போட்ட அதே வாய்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நீங்களெல்லாம் மனுஷங்களா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"திறந்துடலாம்மா," என்றேன்.

சத்தியமாக அதுதான் என் வாயிலிருந்து வந்தது. என் அறையில் தரையில் துணி கிடந்தது. ஊராருடைய துணி. ஒரு கல்யாணத்துக்குப் பதினான்கு சட்டை, வெள்ளைத் துணி, வெட்டி அடுக்கி வைத்திருந்தேன். அது மட்டும்தான் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சக்கரத்திலிருந்து இறங்கினாள்.

"சரிண்ணே. என் புருஷன் இனிமே இதைத் தொட மாட்டார். அந்த இன்ஜினியர்ப் பிள்ளையும் தொடக்கூடாது. வேணும்னா நீங்களே திருப்புங்க."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தில் கை வைத்தேன். கிரீஸ் பிசுபிசுத்தது. கீழே கால்வாய்த் தண்ணீர் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, வெயிலில், தெளிவாக. கொஞ்சம் அழுத்தினால் போதும்.

"என் பொண்ணு அதைக் குடிச்சா மாஸ்டர்," என்று ஒரு குரல். பேக்கரிக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வந்தாரோ, கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். நாலு நாள் தாடி. குரலில் கோபம்கூட இல்லை. "இன்னும் கண்ணைத் திறக்கலை. நீங்க மிதிக்க மாட்டீங்களா?"

கையை எடுத்தேன். அரிசி மூட்டைக்காரர்தான் முதலில் வீட்டைப் பார்த்து நடந்தார். பிறகு எல்லாரும் ஓடினோம். படுக்கையில் இருந்த பெரியவரை நாலு பேராகத் தூக்கி மாடி வீட்டில் வைத்தோம். பிரிட்ஜை மேஜை மேல் ஏற்றினோம். துணியையெல்லாம் அள்ளிக் கட்டில் மேல் போட்டு, மெஷினையும் தூக்கி ஓரத்தில் வைத்தேன். அந்த இன்ஜினியர் போனை விட்டுவிட்டு வந்து வீடு வீடாக மூட்டை தூக்கினார்.

ஐந்தேகாலுக்கு வந்தது. முதலில் குளியலறை ஓட்டையில் கொப்பளித்தது, பிறகு தெரு மூடி தூக்கியது, பிறகு வாசற்படி தாண்டியது. கணுக்கால் அளவு. இளஞ்சூடாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன். தெருவில் பெண்கள் அழுதார்கள், ஆண்கள் கெட்ட வார்த்தை சொன்னார்கள். இந்தத் தடவை நீச்சலக்காவை யாரும் சொல்லவில்லை. யாரைச் சொல்ல வேண்டும் என்று காலில் ஏறும்போது தெரிந்துவிடுகிறது. நான் கட்டில் மேலிருந்த மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் பூட்ஸோடு வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு வாளி, தென்னந்துடைப்பம். பின்னால் மோட்டார்காரர், தோளில் தன் வாரியோடு.

"துணியெல்லாம் மேல வெச்சாச்சாண்ணே?"

"வெச்சாச்சும்மா."

"அப்போ வாங்க. பேக்கரிக்காரர் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். அவங்க வீட்டுல ஆள் இல்ல. முதல்ல அங்க அள்ளணும்."

கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, ஒரு வாளியை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினேன்.